நியூகேட்டிலிருந்து டைபர்ன் வரை

ஒரு பழைய நகரத்தின் குற்ற சரித்திரத்தைக் கால்நடையாகவே சென்று அறிய விரும்புகிறவர், புறப்படுவதற்கு முன்பே ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. குற்றம் தான் நிகழ்ந்த இடத்தில் அடையாளம் எதையும் பெரும்பாலும் விட்டுச் செல்வதில்லை. திருடன் ஏறிக் குதித்த சுவரும், வழிப்பறிக்காரன் மறைந்து நின்ற சந்தும், கொலையுண்டவன் வீழ்ந்த வாசற்படியும் இரண்டொரு தலைமுறைக்குள் இடிபட்டும் மாற்றிக் கட்டப்பட்டும் மறைந்து போகின்றன. நெடுங்காலம் நிலைத்து நிற்பவை தண்டனையின் ஸ்தலங்களே. சிறைக்கூடம் நின்ற மூலை, நியாயஸ்தலத்தின் முகப்பு, தூக்குமரம் நாட்டிய நாற்சந்தி, சாகப்போகிறவர்களுக்காக மணியடித்த ஆலயம் ஆகியவற்றையே நகரம் நினைவில் வைத்திருக்கிறது. ஆகையால் குற்றவாளிகளைத் தேடிப் புறப்படுகிறவன் வழிநெடுகச் சந்திப்பது நீதிபதிகளையும், சிறைக் காவலர்களையும், தூக்கிலிடும் உத்தியோகஸ்தர்களையும், வேடிக்கை பார்க்கத் திரண்ட ஜனங்களையுமே. இதை ஒரு குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு சமூகம் எதைக் குற்றம் என்று கருதியது, அதற்கு என்ன விலை கேட்டது, அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவை இந்த ஸ்தலங்கள்தாம்.

லண்டன் மாநகரில் குற்றத்தின் சுவடுகளைப் பார்க்க வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கிழக்கே வைட்சாப்பலுக்குச் சென்றுவிடுகிறார்கள். 1888ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அங்கே ஐந்து ஏழைப் பெண்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டதும், கொலைகாரன் இன்னான் என்பது இன்றளவும் நிரூபிக்கப்படாததும் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டன. மாலை தோறும் வழிகாட்டிகள் கூட்டங் கூட்டமாக ஆட்களை அழைத்துக்கொண்டு அந்தச் சந்துகளில் நடக்கிறார்கள். கொலையுண்டவர்களின் வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதற்குள் கொலைகாரன் யாராக இருக்கலாம் என்னும் ஊகங்களில் புகுந்துவிடும் அந்தப் பேச்சில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. லண்டனின் குற்ற சரித்திரத்தை அதன் ஆழத்தில் உணர்த்தும் பாதை வேறு. அது நகரின் நடுவே, ஓல்டு பெய்லி என்னும் தெருவில் தொடங்கி மேற்கு நோக்கிச் சுமார் மூன்று மைல் தூரம் சென்று, ஹைட் பார்க்கின் வடகிழக்கு மூலையில் முடிகிறது. ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுக் காலம் லண்டனில் தூக்கிலிடப்படுவதற்கென்று கொண்டு செல்லப்பட்டவர்களின் பிரதான வழி அதுவே.

பாதையின் தொடக்கத்தில் இப்போது மத்திய குற்றவியல் நீதிமன்றம் நிற்கிறது. 1907ஆம் ஆண்டு ஏழாம் எட்வர்டு மன்னரால் திறந்து வைக்கப்பட்ட அக்கட்டடத்தின் கோபுரக் குமிழின் உச்சியில், ஒரு கையில் வாளும் மறுகையில் தராசும் ஏந்திய நீதிதேவதையின் பொற்சிலை காணப்படுகிறது. பிற இடங்களில் வழக்கமாகக் காண்பது போல அவள் கண்கள் கட்டப்படவில்லை. ஏழைகளின் மக்களைக் காக்கும்படியும் தீங்கு செய்வோரைத் தண்டிக்கும்படியும் பணிக்கும் வேதவாசகம் ஒன்று முகப்பில் செதுக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டடம் எழுந்த நிலம் நியூகேட் சிறைச்சாலைக்கு உரியது. ரோமானியர் எழுப்பிய நகர மதிலின் ஒரு வாயிலை ஒட்டிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய அச்சிறை, 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் அழிந்து மறுபடியும் கட்டப்பட்டது. பின்னர் ஜார்ஜ் டான்ஸ் என்னும் சிற்பியின் திட்டப்படி புதிதாக எழுந்து, கட்டி முடிக்கும் தறுவாயில் 1780 ஜூன் மாதத்தில் கத்தோலிக்கருக்கு எதிராக மூண்ட கார்டன் கலகத்தில் ஜனங்களால் கொளுத்தப்பட்டு, இரண்டொரு ஆண்டுகளில் மீண்டும் நிமிர்ந்து, 1902 வரை சிறையாகவே இருந்து, 1904இல் இடிக்கப்பட்டது.

அச்சிறையின் உள்வாழ்க்கையைப் பற்றி ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சிறை என்பது அரசாங்கத்தின் செலவில் நடந்த ஸ்தாபனமன்று; சிறையதிகாரி தம் உத்தியோகத்தை முதல் போட்டு வாங்கி, அந்த முதலைக் கைதிகளிடமிருந்தே வட்டியோடு வசூலித்தார். உள்ளே நுழைவதற்குக் கட்டணம், காலில் பூட்டிய விலங்கின் கனத்தைக் குறைப்பதற்குக் கட்டணம், படுக்கைக்குக் கட்டணம். போதாக்குறைக்குப் புதிதாக வந்தவன் பழைய கைதிகளின் குடிச்செலவுக்கும் காசு தர வேண்டும், இல்லையெனில் மேல்சட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். குற்றமற்றவன் என்று ஜூரிகள் தீர்ப்பளித்த பின்னரும், விடுதலைக் கட்டணம் செலுத்த வழியின்றி உள்ளேயே கிடந்தவர்கள் உண்டு. இந்த அக்கிரமம் 1774ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. நெரிசலிலும் அசுத்தத்திலும் பிறந்த சிறைக்காய்ச்சல் தூக்குமரத்தைவிட அதிகமான பேரைக் கொன்றது என்று அக்காலத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1750ஆம் ஆண்டில் அக்காய்ச்சல் விசாரணைக்கு வந்த கைதிகளோடு அடுத்திருந்த நியாயஸ்தலத்துக்குள்ளும் நுழைந்து, லார்டு மேயரையும் நீதிபதிகள் இருவரையும் வக்கீல்கள், ஜூரர்கள் பலரையும் கொண்டு சென்றபோதுதான் காற்றோட்டத்துக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் மேலிடத்தாருக்கு உண்டாயிற்று. கெட்ட வாடையே நோயைக் கொணர்வது என்று நம்பிய அந்நாட்களில் நீதிபதிகள் கையில் வாசனைப் பூச்செண்டு வைத்திருந்தார்கள். இன்றும் கோடைக்காலத்தில் சில நாட்கள் அந்த நீதிமன்றத்து நீதிபதிகள் பூச்செண்டோடு வரும் வழக்கம் இருக்கிறது.

தெருவைக் கடந்தால் புனித செபல்கர் ஆலயம். உள்ளே கண்ணாடிப் பெட்டி ஒன்றில் ஒரு கைமணி வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சேவகன் அடிக்கும் மணியைப் போன்ற சாதாரண மணிதான். வெண்கலம் மங்கியிருக்கிறது, பிடி பழையதாக இருக்கிறது. விவரம் தெரியாதவர்கள் ஏறிட்டுப் பார்க்காமலே அதைக் கடந்து போய்விடுவார்கள். 1605ஆம் ஆண்டில் ராபர்ட் டவ் என்னும் வணிகர் ஒருவர் 50 பவுன் மூலதனம் கொடுத்து ஏற்படுத்திய தர்மம் இது. மரண தண்டனை நிறைவேறுவதற்கு முந்தின நாள் நடுநிசியில், ஆலயத்து மணிக்காரன் நியூகேட் சிறையில் கைதிகள் கிடக்கும் நிலவறையை அடுத்து வந்து நின்று, இந்த மணியைப் பன்னிரண்டு முறை இரட்டையாக ஒலித்து, விடிந்தால் சாகப்போகிறவர்கள் தங்கள் பாவங்களுக்காக மனம் வருந்த வேண்டும் என்று ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் வண்டிகள் புறப்படும்போது ஆலயத்தின் பெரிய மணி ஒலிக்கும். டவ் ஈகைக்குணம் படைத்தவர். பிற தர்மங்களும் செய்தவர். கைதிகளின் ஆத்மா கடைத்தேற வேண்டும் என்ற உண்மையான கவலையோடுதான் இதைச் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடைசி இரவில் சற்றே கண்ணயர்ந்திருக்கக்கூடிய ஒருவனை எழுப்பி மரணத்தை ஞாபகப்படுத்துவது கருணைச் செயல் என்று ஒரு நல்ல மனிதர் நம்ப முடிந்தது, அந்த வழக்கம் நூற்றாண்டுகளாக ஒருவராலும் ஆட்சேபிக்கப்படாமல் நடந்தது என்பதை அந்த மணியின் அருகே நிற்கும்போது அறிவு ஒப்புக்கொண்டாலும் மனம் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

இவ்வாறு எழுப்பப்பட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள்? கொலைகாரர்கள் அவர்களிடையே சொற்பம். 1688ஆம் ஆண்டில் சுமார் 50ஆக இருந்த மரண தண்டனைக்குரிய குற்றங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 200க்கு மேல் பெருகியிருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சொத்தைப் பற்றியவை. மறைவாக ஒருவன் சட்டைப் பையிலிருந்து 12 பென்னிக்கு மேல் எடுத்தால் மரணம். கடையிலிருந்து 5 ஷில்லிங் பெறுமான சரக்கைக் களவாடினால் மரணம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமானம் எடுத்தால் மரணம். கள்ளக் கையெழுத்துக்கு மரணம். இந்தக் கடைசிச் சட்டம் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸின் மீது லஞ்சக் குற்றம் சாட்டிய மகாராஜா நந்தகுமார், பழைய பத்திரம் ஒன்றில் மோசடி செய்ததாக விசாரிக்கப்பட்டு, அந்த நாட்டு மக்கள் கேள்விப்பட்டே இராத இந்த ஆங்கிலச் சட்டத்தின் கீழ் 1775 ஆகஸ்டு 5ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். லண்டனின் வணிகர்களும் கடைக்காரர்களும் தங்கள் கடன் பத்திரங்களைக் காத்துக்கொள்ள உண்டாக்கிய விதி, ஹூக்ளி நதிக்கரையில் ஓர் அரசியல் எதிரியை ஒழிப்பதற்குப் பயன்பட்டது.

நியூகேட்டிலிருந்து தெற்கே சில நிமிட நடையில் லட்கேட் ஹில் இருக்கிறது. அங்கிருந்த ஜவுளிக்கடையில் 1771ஆம் ஆண்டு மேரி ஜோன்ஸ் என்னும் இளம்பெண் நான்கு மஸ்லின் துண்டுகளை எடுத்துத் தன் மேலாடைக்குள் மறைத்ததாகப் பிடிபட்டாள். வயது ஏறக்குறைய பத்தொன்பது, இரண்டு குழந்தைகள். ஃபாக்லாந்துத் தீவுகளை முன்னிட்டு ஸ்பெயினுடன் யுத்தம் மூளும் என்று அஞ்சப்பட்ட அந்தச் சமயத்தில், கப்பற்படைக்குப் பலவந்தமாக ஆள் பிடிக்கும் கும்பல் அவளுடைய கணவனைக் கொண்டு சென்றுவிட்டது. வீட்டுச் சாமான்கள் கடனுக்குப் பறிமுதலாயின. அவள் குழந்தைகளோடு தெருவில் பிச்சையெடுத்தாள். நியாயஸ்தலத்தில் அவள் கூறிய சமாதானம், கணவனைக் கொண்டு போகும் வரையில் தான் கௌரவமாகவே வாழ்ந்ததாகவும், அதன் பிறகு படுக்கப் பாயில்லை, குழந்தைகளுக்குக் கொடுக்கச் சோறில்லை, உடுத்தத் துணியில்லை என்றும், தான் செய்தது இன்னதென்று தெரியாமலே ஏதேனும் பிழை செய்திருக்கலாம் என்றும் சொன்னது மட்டுமே. கடைகளில் திருட்டு மிகுந்துவிட்டது, ஒரு முன்மாதிரி தண்டனை வேண்டும் என்று கருதப்பட்டபடியால், அவ்வாண்டு அக்டோபரில் அவள் தூக்கிலிடப்பட்டாள். வண்டி புறப்பட்டபோது கைக்குழந்தை அவளிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, மேலும் ஒரு குற்றத்தை மரண தண்டனைக்குரியதாக்கும் மசோதா பார்லிமெண்டில் வந்தபோது, சர் வில்லியம் மெரிடித் என்னும் அங்கத்தினர் எழுந்து இந்தப் பெண்ணின் கதையை விவரித்து, சட்டத்தின் பேரால் இதைவிடப் பாதகமான கொலை நிகழ்ந்ததில்லை என்று சபையிலேயே சொன்னார். இன்றைய லட்கேட் ஹில்லில் அவள் பெயர் சொல்லும் கல் எதுவும் நான் காணவில்லை.

இத்தகைய சட்டங்களை அப்படியே நிறைவேற்றுவதற்குச் சாதாரண மனிதர்களால் எப்படி முடிந்தது என்று வாசகர் கேட்கலாம். பல சமயங்களில் முடியவில்லை என்பதே உண்மை. ஜூரிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள், கைத்தொழிலாளர்கள். சரக்கின் விலை அவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தே அவர்கள் பல பவுன் பெறும் பொருளை 39 ஷில்லிங் என்றும், 5 ஷில்லிங்குக்கு மேற்பட்டதை 4 ஷில்லிங் 10 பென்னி என்றும், பையிலிருந்து எடுத்ததை 10 பென்னி என்றும் மதிப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிக் கைதியின் உயிரைக் காத்தார்கள். சட்ட நிபுணராகிய பிளாக்ஸ்டன் இதைப் புண்ணியப் பொய்ச்சத்தியம் என்ற பொருள்பட வர்ணித்திருக்கிறார். அப்படித் தப்பியவர்களும், மன்னிப்புப் பெற்றவர்களும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும், 1787 முதல் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். ஆனால் ஜூரரின் இரக்கம் ஒரே மாதிரி எல்லோருக்கும் கிடைத்ததில்லை. நல்ல நடத்தைக்குச் சாட்சி சொல்ல ஓர் எஜமானனாவது அயல்வீட்டானாவது வராதவனுக்கு அது எளிதில் கிட்டவில்லை.

ஆலயத்தைக் கடந்து வண்டிகள் ஸ்னோ ஹில்லின் வழியாகக் கீழே இறங்கி, ஃப்ளீட் ஆற்றின் மேலிருந்த ஹோபர்ன் பாலத்தைத் தாண்டி, எதிரேயுள்ள செங்குத்தான மேட்டில் ஏறும். ஆறு இப்போது தெருவுக்கு அடியில் சாக்கடையாக ஓடுகிறது. பள்ளத்தின் மேலே 1869இல் விக்டோரியா மகாராணி திறந்து வைத்த இரும்புப் பாலத்தின்மீது நாம் மேடுபள்ளம் தெரியாமல் நடந்து சென்றுவிடுகிறோம். படிகளில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் நின்று மேலே பார்த்தால்தான் அந்தக் காலத்துக் குதிரைகள் பட்ட பாடு தெரியும். நான் இங்கே சற்று நின்று போகுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் இந்தப் பாலத்தின் அருகேதான் லண்டனின் குற்ற சரித்திரத்திலேயே மிகவும் விசித்திரமான ஒரு மனிதனின் வீழ்ச்சி தொடங்கியது.

ஜொனாதன் வைல்டு வொல்வர்ஹாம்ப்டனிலிருந்து லண்டனுக்கு வந்து, கடனுக்காகச் சிறைப்பட்டு, அங்கே திருடர்களின் சகவாசத்தைப் பெற்றவன். அந்நாளில் லண்டனில் போலீஸ் என்று சொல்லத்தக்க ஸ்தாபனம் இல்லை. முறை வைத்துச் சம்பளமின்றிப் பணியாற்றிய கான்ஸ்டபிள்களும், முதுமையடைந்த இரவுக் காவலர்களுமே உண்டு. அந்தக் குறையை நிரப்புவதற்கு அரசாங்கம் கையாண்ட உபாயம் பரிசுப் பணம். வழிப்பறிக்காரன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்து, அவன் குற்றம் நிரூபணமானால் 40 பவுன் வழங்கும் சட்டம் 1692இலேயே ஏற்பட்டிருந்தது. வைல்டு இந்த ஏற்பாட்டின் இரண்டு முனைகளையும் தன் கையில் பிடித்துக்கொண்டான். திருடர்களை ஒழுங்குபடுத்தித் தொழிலுக்கு அனுப்புவான். களவுபோன பொருளைத் தேடி வருகிறவரிடம் விவரம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு, சில நாட்களில் ‘கண்டெடுத்து’ வெகுமதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பான். தனக்குக் கட்டுப்படாத திருடனைப் பிடித்துக் கொடுத்துத் தூக்குக்கு அனுப்பி 40 பவுன் பெறுவான். நியூகேட்டை அடுத்த ஓல்டு பெய்லித் தெருவிலேயே அவனுடைய காரியாலயம் இருந்தது. 1720இல் வழிப்பறியைத் தடுக்க என்ன செய்யலாம் என்று பிரிவி கவுன்சில் அவனிடமே யோசனை கேட்க, பரிசுத் தொகையை உயர்த்தலாம் என்று அவன் யோசனை சொன்னான். அவ்வாறே அரச விளம்பரத்தின் மூலம் மேலும் 100 பவுன் சேர்க்கப்பட்டது. அறுபதுக்கு மேற்பட்டவர்களைத் தூக்குக்கு அனுப்பியதாக அவன் பெருமை கொண்டான். இவனை ஒரு தனிமனிதனின் துர்க்குணத்துக்கு உதாரணமாகக் காட்டி நிறுத்திவிடுவது சரியன்று என்பது என் துணிபு. உயிருக்குத் தலைக்கு இத்தனை பவுன் என்று விலை நிர்ணயம் செய்து, விசாரிப்பதற்கு ஒரு நிர்வாகத்தையும் ஏற்படுத்தாத அரசாட்சியில், அந்த வியாபாரத்தை நடத்த ஒருவன் தோன்றாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அவனுக்குக் கட்டுப்படாதவர்களில் பெயர் பெற்றவன் ஜாக் ஷெப்பர்டு. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பிறந்து, விச் தெருவில் தச்சனிடம் தொழில் பழகியவன். பழகும் காலம் முடிவதற்குச் சில மாதங்கள் இருக்கையில் திருட்டில் இறங்கினான். 1724ஆம் ஆண்டு ஒன்றிலேயே நான்கு முறை காவலிலிருந்து தப்பினான். அவற்றுள் அக்டோபர் 15ஆம் தேதி நிகழ்ந்த கடைசித் தப்புதல், படிக்குந்தோறும் ஒரு கைவினைஞனின் சாகசமாகவே எனக்குத் தோன்றுகிறது. தரையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவன், கைவிலங்கை ஓர் ஆணியால் கழற்றி, சங்கிலியின் கண்ணியை முறித்து, புகைபோக்கியின் உள்ளே குறுக்கே பதித்திருந்த இரும்புக் கம்பியைப் பெயர்த்தெடுத்து, அதையே ஆயுதமாகக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய கதவுகளைத் திறந்து, சிறைக் கோயிலின் வழியாக மேல்தளத்தை அடைந்தான். அங்கிருந்து பார்த்தால் அடுத்த வீட்டுக் கூரை மிகவும் கீழே இருந்தது. உடனே அவன் வந்த வழியே மறுபடியும் அத்தனை கதவுகளையும் கடந்து தன் அறைக்கே திரும்பி, போர்வையை எடுத்துக்கொண்டு வந்து, அதைக் கட்டித் தொங்கி, கடைசல்காரர் ஒருவரின் வீட்டுக் கூரையில் இறங்கினான். காலில் விலங்கு அப்போதும் இருந்தது. இரண்டு வாரங்களில், மதுமயக்கத்தில், திருடிய பட்டாடைகளோடு பிடிபட்டான். சிறையில் அவனைப் பார்ப்பதற்குக் காவலர்கள் கட்டணம் வசூலித்தார்கள். அரச சித்திரக்காரராகிய ஜேம்ஸ் தார்ன்ஹில் வந்து அவனை வரைந்தார். நவம்பர் 16ஆம் தேதி, இருபத்திரண்டு வயதில், டைபர்னில் தூக்கிலிடப்பட்டான். விச் தெரு, ஆல்ட்விச் என்னும் புதிய வளைவுச் சாலை அமைந்தபோது முற்றிலும் அழிந்துவிட்டது.

ஜனங்கள் ஷெப்பர்டுக்காகக் கண்ணீர் விட்டார்கள். அடுத்த மே மாதத்தில் அதே பாதையில் வைல்டு வந்தபோது கல்லையும் சேற்றையும் வாரி வீசினார்கள். அவனை வீழ்த்தியது ஒரு சிறிய வழக்கு. ஹோபர்ன் பாலத்தை அடுத்துக் கடை வைத்திருந்த கேதரின் ஸ்டேதம் என்னும் கண் தெரியாத கிழவியிடமிருந்து 40 பவுன் பெறுமான லேஸ் களவு போயிற்று. திருட்டுக்குத் தூண்டியவன் வைல்டே. அதைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, தான் வேறொரு குற்றத்துக்காக நியூகேட்டில் அடைபட்டிருந்தபடியே, அந்தக் கிழவியிடம் 10 கினி வாங்கினான். திருடனைப் பிடித்துக் கொடுக்காமல் பொருளைத் திருப்புவதற்குப் பணம் பெறுவதே மரண தண்டனைக்குரியது என்று, பெரும்பாலும் அவனை மனத்தில் வைத்தே சில ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்டிருந்த விதி இறுதியில் அவன் கழுத்தில் விழுந்தது. அவனுடைய எலும்புக்கூடு, லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்திருக்கிறது. இதன் பிறகும் பரிசுப் பணத்தின் முறை நெடுநாள் மாறவில்லை. நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் மாஜிஸ்திரேட்டாகப் போ தெருவில் அமர்ந்து 1749இல் ஒரு சிறு துப்பறியும் படையைத் திரட்டியதும், 1829இல் ராபர்ட் பீல் பெருநகரப் போலீஸை நிறுவியதும் அடுத்தடுத்த படிகள்.

ஹோபர்னுக்கு மேற்கே செயின்ட் கைல்ஸ். தொழுநோயாளிகளுக்காக மெட்டில்டா அரசி அமைத்த விடுதி ஒன்று பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அங்கே இருந்தது. சாகப்போகிறவர்களுக்கு அதன் வாயிலில் ஒரு கிண்ணம் பியர் கொடுக்கும் வழக்கம் அதிலிருந்து தோன்றி, பிற்காலத்தில் சாராயக்கடைகளில் வண்டியை நிறுத்தும் பழக்கமாகத் தொடர்ந்தது. ஏழைகள் நெருங்கிக் குடியிருந்த அந்தப் பகுதியின் நடுவே 1847இல் நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெரு வெட்டப்பட்டது. குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு எதுவும் ஏற்பாடாகாமையால் அண்டைத் தெருக்களில் நெரிசல் அதிகரித்தது. அதற்கப்பால் ஆக்ஸ்ஃபோர்டு தெரு. முன்னாளில் டைபர்ன் சாலை. கடைகளின் ஜோதியில் அந்தத் தூரமும் விரைவாகவே கழிந்துவிடுகிறது. அங்கே நின்று பார்க்கப் பழைய காலத்தது ஒன்றும் இல்லை.

எட்ஜ்வேர் சாலையும் பேஸ்வாட்டர் சாலையும் கூடும் இடத்தில், வாகனங்களுக்கு நடுவேயுள்ள திட்டில், டைபர்ன் மரம் நின்ற இடம் என்று அறிவிக்கும் வட்டக்கல் ஒன்று தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. 1196 முதல் இங்கே தண்டனை நிறைவேறியதாக ஏடுகள் கூறுகின்றன. 1571இல் மூன்று கால்களின் மீது மூன்று உத்திரங்களை முக்கோணமாகப் பொருத்திய பெரிய தூக்குமரம் நாட்டப்பட்டது. அதில் ஒரே சமயத்தில் 24 பேரைத் தொங்கவிடலாம். 1661 ஜனவரியில், மன்னராட்சியை ஒழித்து ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லின் பிரேதத்தைப் புதைகுழியிலிருந்து தோண்டியெடுத்து இங்கேயே தொங்கவிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் எட்டு நாட்கள் தண்டனை நாட்கள். அந்நாட்களில் வேலைக்காரர்கள் தொழிலை நிறுத்திவிட்டு வருவார்கள், பார்ப்பதற்கு உயரமான ஆசனங்கள் வாடகைக்குக் கிடைக்கும், கைதிகளின் கடைசி வாக்குமூலம் என்று சொல்லி அச்சடித்த தாள்கள் அவர்கள் உயிரோடிருக்கும்போதே விற்பனையாகும். கைதி தன் சவப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வந்து, வண்டியில் நின்றபடி பேசி முடித்ததும் குதிரையைத் தட்டி வண்டியை நகர்த்துவார்கள். விழும் உயரம் மிகக் குறைவானதால் உயிர் பிரிய வெகுநேரமாகும். சிநேகிதர்கள் காலைப் பிடித்து இழுத்து வேதனையைச் சுருக்குவார்கள். அப்பால் பிணத்துக்காகச் சண்டை. சிகிச்சைக் கல்விக்கு உடல்கள் தேவைப்பட்ட அறுவை மருத்துவர்களின் ஆட்கள் ஒரு புறமும், நல்லடக்கம் செய்ய விரும்பிய உறவினரும் சக தொழிலாளிகளும் மறுபுறமும் நின்று அடித்துக்கொண்டார்கள். ஜனக்கூட்டத்தின் மிருகத்தனம் என்று கனவான்கள் எழுதிவைத்த கலவரங்களில் பல, இறந்தவனைக் கத்திக்குக் கொடுக்காமல் மண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்ற தவிப்பிலிருந்து எழுந்தவை.

1783 நவம்பர் 3ஆம் தேதி ஜான் ஆஸ்டின் என்னும் வழிப்பறிக்காரன் இங்கே தூக்கிலிடப்பட்டான், அவனே கடைசி. ஊர்வலத்தை நிறுத்தியதற்குக் காரணம் இரக்கமன்று. மேற்குப் பகுதியில் செல்வர்களின் மாளிகைகள் பெருகிவிட்டன. ஊர்வலமும் கூட்டமும் அங்கே குடியிருப்போருக்குத் தொல்லையாயின. தண்டனையைப் பார்த்து அஞ்ச வேண்டிய ஜனங்கள் கைதிகளை வீரர்களாகப் போற்றத் தொடங்கியிருந்ததும் அதிகாரிகளுக்கு உறுத்தியது. அகராதி தொகுத்த எழுத்தாளராகிய டாக்டர் ஜான்சன் இந்த மாறுதலைக் கண்டித்தார். பார்ப்பவர்களை ஈர்க்காத தண்டனையால் பயனில்லை என்பதும், வழியெல்லாம் ஜனங்கள் உடன் வருவது கைதிக்கும் ஆறுதல் தரும் என்பதும் அவர் வாதம். இரண்டாவது பகுதியில் ஓர் உண்மை இருக்கலாம். முதற்பகுதியை இதே தூக்குமேடையின் அடியில் ஜேப்படிக்காரர்கள் தொழில் செய்துகொண்டிருந்த செய்தியே மறுக்கிறது.

தூக்குமேடை நியூகேட்டின் வாசலுக்கே திரும்பி வந்தது. ஆகவே மூன்று மைல் நடந்து முடித்தவர் சரித்திரத்தைத் தொடர வேண்டுமானால் புறப்பட்ட இடத்துக்கே மறுபடியும் போக வேண்டும். 1783 டிசம்பர் முதல் ஓல்டு பெய்லித் தெருவிலேயே தண்டனை நிறைவேறியது. 1807 பிப்ரவரியில் ஒரு கொலை வழக்கில் இருவர் தூக்கிலிடப்பட்டபோது நெரிசலில் ஏறக்குறைய முப்பது பேர் மிதிபட்டு இறந்தார்கள். 1840இல் கூர்வாசியே என்னும் வேலைக்காரன் எஜமானனைக் கொன்றதற்காகத் தொங்கவிடப்பட்டதைச் நாவலாசிரியர்களாகிய சார்லஸ் டிக்கன்ஸும் தாக்கரேயும் நேரில் பார்த்தார்கள். தாக்கரே வெட்கமும் அருவருப்பும் தாங்காமல் அதைப் பற்றி எழுதினார். 1868 மே 26ஆம் தேதி, கிளார்க்கன்வெல் குண்டுவெடிப்பு வழக்கில் ஐரிஷ்காரராகிய மைக்கேல் பாரட் அந்தத் தெருவில் தூக்கிலிடப்பட்டதோடு இங்கிலாந்தில் பகிரங்க மரண தண்டனை முடிவுற்றது.

சட்டங்கள் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டன. அந்தத் தளர்ச்சிக்காகத் தம் வாழ்வைச் செலவிட்டவர் பார்லிமெண்ட் அங்கத்தினராகிய சர் சாமுவேல் ரோமிலி. பையிலிருந்து 12 பென்னி திருடுவதற்குரிய மரண தண்டனையை 1808இல் அவர் நீக்க வைத்தார். கடையில் 5 ஷில்லிங் திருடுவதற்குரியதை நீக்க முயன்றபோது காமன்ஸ் சபை இசைந்தும், 1810இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. மறுத்தவர்களில் காண்டர்பரி ஆர்ச்பிஷப்பும் ஆறு பிஷப்புகளும் இருந்தார்கள். கொடுமை குறைந்தால் களவு மலிந்துவிடும் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். மேரி ஜோன்ஸைக் கொன்ற சட்டம் நீங்குவதைக் காணாமலே 1818இல் ரோமிலி இறந்தார்.

நம் நாட்டவர்க்கும் இந்த ஸ்தலத்தோடு சம்பந்தம் உண்டு. புதிய நீதிமன்றம் திறக்கப்பட்ட இரண்டாண்டுகளில், பிரிட்டிஷ் அதிகாரியாகிய கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்ற மதன்லால் திங்க்ரா 1909 ஜூலை 23ஆம் தேதி அங்கே விசாரிக்கப்பட்டார். தம்மை விசாரிக்கும் உரிமை அந்த நீதிமன்றத்துக்கு இல்லை என்று கூறி வக்கீல் வைத்துக்கொள்ள மறுத்தார். வழக்கு அன்றே முடிந்தது. ஆகஸ்டு 17ஆம் தேதி பெண்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது லண்டனில் சட்டம் பயின்றுகொண்டு, திங்க்ரா பழகிய, இந்தியா ஹவுஸ் என்னும் விடுதியைச் சார்ந்த இந்திய தேசியவாதிகளின் வட்டத்தில் இருந்தவர் நம் வ.வே.சு. ஐயர்.

இந்தப் பாதையில் நடக்க விரும்புகிறவர்கள் அதற்கு முன் ஒரு காரியம் செய்வது நலம். ஓல்டு பெய்லி வழக்குகளின் அச்சிட்ட அறிக்கைகள் 1674 முதல் 1913 வரை தொடர்ந்து வெளிவந்திருக்கின்றன. முதலில் தெருவில் காசுக்கு விற்கப்பட்ட சிறு பிரசுரங்களாகத் தோன்றியவை, பின்னர் சுருக்கெழுத்தாளர்களால் விரிவாகப் பதிவு செய்யப்பட்டன. ஏறக்குறைய இரண்டு லட்சம் விசாரணைகள் அடங்கிய அந்தத் தொகுதி முழுவதும் இப்போது இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது. அடகுக்கடைக்காரன் சாட்சி சொல்கிறான், வேலைக்காரி மறுக்கிறாள், ஜூரி ‘39 ஷில்லிங் பெறுமானத்துக்குக் குற்றவாளி’ என்கிறது. பல வழக்குகளில் கைதியின் பேச்சு ஒரே வரிதான். ஹோபர்ன், ஸ்னோ ஹில், செயின்ட் கைல்ஸ் என்று தெருப்பெயரைக்கொண்டு தேடி நாலைந்து வழக்குகளையேனும் முழுமையாகப் படித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகளும் காரியாலயங்களும் திறவாத வேளையில் ஓல்டு பெய்லியிலிருந்து புறப்படலாம். செபல்கர் ஆலயம் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது அவசியம்.